பெயர்ப் பலகை எழுத்துக்கு என்ன விலை?

கடைத்தெருவில் நடந்து செல்லும்போது ஒருமுறை தலை நிமிர்ந்து பாருங்கள். தகரத்தின் மீது தூரிகையால் எழுதிய பெயர்கள் அருகிவிட்டன. பலகையிலிருந்து எழும்பி நிற்கும் பிளாஸ்டிக் எழுத்துகள் பெருகிவிட்டன. நகைக் கடை, துணிக் கடை, பிரியாணிக் கடை, மதரஸாவின் வாயில் என எங்கும் அவையே. அவற்றை வெட்டித் தருவது இன்று ஒரு தனித் தொழில். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தை முதலாக்கி ஊரோடு பிழைக்க எண்ணும் மகனோ மருமகனோ உங்கள் வீட்டில் இருந்து, இத்தொழிலில் அவர் கண் வைத்திருந்தால், இயந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன் எழுத்தின் விலையைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளட்டும்.

சி.என்.சி. ரௌட்டர் என்பது கணினி காட்டும் பாதையில் ஓடும் வெட்டுக் கருவி. அக்ரிலிக் வெட்டுவதற்கு ஒற்றை வெட்டுவாய் கொண்ட பிட் ஏற்றது. பிட் நிமிடத்துக்கு 18,000 முறை சுழல, ஒவ்வொரு சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் சீவி எடுத்தால், அது நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் முன்னேறும். மெல்ல ஓட்டினால் நல்லது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மெல்ல ஓடும் பிட் சீவாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடேறும், சூட்டில் உருகிய துகள், வெட்டிய பள்ளத்திலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஷீட்டிலும் இரு வகை உண்டு. அச்சில் வார்த்த ஷீட் சுத்தமாகச் சீவப்படும். உருக்கிப் பிதுக்கிய ஷீட் விலை மலிவு, ஆனால் விரைவில் இளகும்.

லேசர் இருக்க ரௌட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். அக்ரிலிக்கின் விளிம்பை லேசர் கண்ணாடிபோல் பளபளப்பாக்கும் என்பது மெய்தான். ஆனால் பி.வி.சி. ஃபோம் போர்டை லேசரில் வைக்கவே கூடாது. அதிலுள்ள குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிப்பட்டு நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். அதற்கு ரௌட்டரே கதி.

இனி விலைக்கு வருவோம். எழுத்தின் உயரத்தை அங்குலத்தில் அளந்து, ஓர் எழுத்துக்கு அங்குலத்துக்கு இவ்வளவு என்று சொல்வது தொழிலில் உள்ள வழக்கம். வாடிக்கையாளருக்கு எளிதில் விளங்கும் இக்கணக்கு, பட்டறைக்காரரைக் கவிழ்க்கவும் வல்லது. எப்படி என்று பாருங்கள்.

'பாத்திரக்கடை' என்ற பெயரை 12 அங்குல உயரத்தில், 8 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டுவதாகக் கொள்வோம். 8 அடிக்கு 4 அடி ஷீட்டில் 32 சதுர அடி. அதன் விலை 9,600 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், சதுர அடி 300 ரூபாய். இடைவெளியும் கழிவும் சேர்த்து 10 சதுர அடி தேவை என்றால் ஷீட்டுக்கு 3,000 ரூபாய். ஓர் எழுத்தின் சுற்றளவு சராசரியாக ஒன்றரை மீட்டர் என்றால் ஏழு எழுத்துக்கு 10.5 மீட்டர். 3 மில்லிமீட்டர் ஆழமாக மூன்று முறை ஓட வேண்டும், ஆக 31.5 மீட்டர். வெட்ட மட்டும் பதினேழரை நிமிடம். ஏற்றம் இறக்கம் சேர்த்து 25 நிமிடம். மணிக்கு 600 ரூபாய் வீதம் இயந்திரக் கூலி வெறும் 250 ரூபாய்தான்! படம் வரைதல், விளிம்பு சுரண்டுதல் ஆகிய கைவேலைக்கு 600, பிட் தேய்மானமும் மின்சாரமும் 150. மொத்தம் 4,000. அதன்மேல் கால்பங்கு இலாபம் வைத்து 5,000 ரூபாய். ஏழு எழுத்தை 12 அங்குலத்தால் பெருக்கினால் 84. அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 ரூபாய் வருகிறது.

இதே வீதத்தில் இன்னொருவர் 24 அங்குல எழுத்து கேட்கிறார். கணக்குப்படி 10,080 ரூபாய். உயரம் இரு மடங்கானால் அகலமும் இரு மடங்காகும். ஷீட்டோ நான்கு மடங்கு, அதாவது 40 சதுர அடி வேண்டும். ஷீட்டுக்கே 12,000 ரூபாய் போய்விட்டது! அதுவும் ஒரு ஷீட்டில் அடங்காமல் இரண்டாவதைத் தொட வேண்டும். மாறாக 6 அங்குலம் கேட்பவருக்கு ஷீட் இரண்டரை சதுர அடி போதும். அங்குல வீதமோ அவரிடம் 2,520 ரூபாய் வாங்கிவிடும். சிறியவரிடம் கூடுதலாக வாங்கி, பெரியவரிடம் இழக்கும் வியாபாரம் இது. ஷீட்டைச் சதுர அடியிலும், வெட்டுக்கூலியைச் சுற்றளவிலும், கைவேலையை நேரத்திலும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவதே நியாயம் என்பது என் கருத்து. வாடிக்கையாளர் கேட்ட அபூர்வ நிறத்துக்காக முழு ஷீட் வாங்க நேர்ந்தால், மீதியையும் அவர் கணக்கில் சேர்ப்பதாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நமது தமிழுக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. 'பாத்திரக்கடை' படிப்பவருக்கு ஏழு எழுத்து. இயந்திரத்துக்குப் பதினொரு துண்டு. துணைக்கால் தனி, 'டை'யின் இணைக்கொம்பு தனி, இரண்டு புள்ளிகளும் தனி. 'ட'வுக்கு இரண்டே கோடு. 'ஞ'வுக்கோ வளைவுக்குமேல் வளைவு. இரண்டுக்கும் ஒரே விலை எப்படிப் பொருந்தும்? சின்னஞ்சிறு புள்ளியை வெற்றிட மேசை பிடித்து நிறுத்தாது. வெட்டி முடியும் நொடியில் அது துள்ளி ஓடும். அதனால் மெல்லிய பாலம் விட்டு வெட்டிப் பின்னர் கையால் அறுத்தெடுக்கிறார்கள். தவிர, சுழலும் பிட் உருண்டை வடிவம். 3 மில்லிமீட்டர் பிட் உட்புற மூலையைக் கூராக்காது, ஒன்றரை மில்லிமீட்டர் வளைவை விட்டே தீரும். சிறிய எழுத்தில் அது கண்ணை உறுத்தும்.

அரபு எழுத்தில் இச்சங்கடம் இன்னும் கூடுதல். சொல்லின் எழுத்துகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்தே வரும். புள்ளிகள் தனியே நிற்கும். சொல்லின் நடுவே ஒரே வடிவில், கீழே ஒரு புள்ளி இருந்தால் 'பா', மேலே இரண்டிருந்தால் 'தா', மேலே ஒன்றிருந்தால் 'நூன்'. ஒட்டுபவர் புள்ளியை இடம் மாற்றிவிட்டால் சொல்லே மாறும். எனவே முழு அளவில் அச்சிட்ட காகித வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, அதன்மீதே துளையிட வேண்டும். அந்தக் காகிதத்துக்கும் விலையில் இடம் உண்டு.

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் மேலேயும் பிற மொழிகள் அதன் கீழேயும் இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. அளவு எடுக்கும் நாளிலேயே இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். வெட்டிய பிறகு திருத்த முடியாது. எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கப்படும் என்றும் கேளுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது வசதியான அளவு. 12 அங்குல எழுத்து 120 அடிக்குத் தெளிவாகத் தெரியும். இறுதியாக, வெட்டிய அக்ரிலிக்கை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும் என்று ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.