திரையில் வர்ணங்கள் சேரும் விதம்

மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை பிறக்கும் என்பது, வர்ணக் கிண்ணத்தில் ஒருமுறையேனும் தூரிகையைத் தோய்த்த சிறு பிள்ளையும் அறிந்த உண்மை. ஆயினும் அவ்விரண்டையும் கணினித் திரையில் சரிபாதியாகக் கலந்து பார்ப்பவருக்குக் கிடைப்பது பச்சையன்று, ஜீவனற்ற சாம்பல் நிறமே. டிஜிட்டல் சித்திரக் கலையில் புதிதாகப் பிரவேசிப்போர் பலர் மனம் தளர்வது இவ்விடத்திலேதான்.

காரணம் எளிது. வர்ணப் பொடியானது தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, மற்றதைத் திருப்பி அனுப்புகிறது; ஆகவே மஞ்சள் பொடியும் நீலப் பொடியும் சேர்ந்தால், இரண்டும் விழுங்காது விட்ட பச்சை ஒளியே எஞ்சி நம் கண்ணை அடைகிறது. திரையோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளை, 0 முதல் 255 வரையுள்ள எண்களாக மட்டுமே அறியும். தூய மஞ்சள் 255, 255, 0. தூய நீலம் 0, 0, 255. இரண்டின் சராசரியில் மூன்று ஒளிகளும் ஏறக்குறைய 128 என்று சமமாகிவிடுவதால் சாம்பல் தோன்றுகிறது. பொடிகளின் சுபாவத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931-லேயே வெளியிட்டனர். அதனை ஆதாரமாகக் கொண்ட மிக்ஸ்பாக்ஸ் என்னும் முறை 2021-ல் செக் நாட்டு ஆராய்ச்சியாளர்களால் வகுக்கப்பட்டது. எனினும் பெரும்பாலான மென்பொருள்களில் இன்றும் சராசரிக் கணக்கே நடைபெறுகிறது.

ஆதலால், இரு வர்ணங்களுக்கு நடுவே நிற்க வேண்டிய வர்ணம் எது என்று நிர்ணயிக்கும் பொறுப்பை யந்திரத்திடம் விடலாகாது. அது சித்திரக்காரருடைய கண்ணின் பொறுப்பு. ஸ்மட்ஜ் கருவியால் எல்லைகளைத் தேய்த்துக்கொண்டே போகிறவர் இந்தப் பொறுப்பைக் கைவிடுகிறார். வர்ணங்கள் மங்கி, விளிம்புகள் கரைந்து, உருவத்தின் திண்மையே அழிந்துபோகிறது.

ஒரு மாம்பழத்தை வரைவதாகக் கொள்வோம். ஒளி படும் பக்கத்துக்கு மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, நிழலுக்குச் செம்பழுப்பு என மூன்று வர்ணங்களை முதலில் தட்டையாக இட வேண்டும். நிழலுக்காகக் கறுப்பைச் சேர்ப்பது, பழத்தின் செழுமையைக் கொன்றுவிடும். பிறகு பிரஷ்ஷின் ஒபாசிட்டியை, அதாவது அடியிலுள்ளதை மறைக்கும் தன்மையை, 30 சதவீத அளவுக்குக் குறைத்து, இரு வர்ணங்கள் சந்திக்கும் எல்லையின்மீது ஒருமுறை தீட்டினால், இடைப்பட்ட சாயை ஒன்று உதயமாகும். அதனைக் கலர் பிக்கரால் எடுத்து, மங்கலாயிருந்தால் சற்றுச் செறிவூட்டி, மீண்டும் அந்த எல்லையிலேயே இட வேண்டும். கிரிட்டா என்னும் சித்திர மென்பொருளில் கண்ட்ரோல் விசையும், போட்டோஷாப்பில் ஆல்ட் விசையும், பிரஷ்ஷை விடாமலே வர்ணத்தை எடுக்க உதவும். லியனார்டோ டா வின்சி, மோனா லிசாவின் முகத்தில் ஒளி நிழலாக மாறும் இடமே புலப்படாதவாறு செய்ததும், மிக மெல்லிய வர்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்ட பொறுமையினால்தான்.

எல்லாவற்றையும் மென்மையாக்குவதும் பிழையே. பழத்தின் உருண்ட பரப்பில் சாயை படிப்படியாக மாற வேண்டும். அது மேசைமேல் வீழ்த்தும் நிழலோ, பழத்தை ஒட்டிய இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மென்மையாகவும் இருத்தல் வேண்டும். ஒளியும் நிழலும் முறையாக அமைந்தனவா என்று அறிய, யாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைக் கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்டிங் மோடைக் கலர் என்று மாற்றினால், படம் முழுதும் கறுப்பு வெள்ளையாகித் தன் குறைகளைத் தானே காட்டிவிடும்.

கிரிட்டா எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இந்த அப்பியாசத்துக்குப் பணம் தடையன்று. கலை பயில விரும்பும் இளைஞர்கள், ஸ்மட்ஜ் கருவியை நாடாமல், பிரஷ்ஷையும் தம் கண்ணையும் மட்டுமே நம்பிச் சில பழங்களையேனும் வரைந்து பழகுவார்களாக. கண் தேர்ந்த பிறகு, எந்தக் கருவியும் அவர்களுக்கு நல்ல கருவியே.