கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர்

வீட்டிலேயே செய்யும் ஸ்மார்ட் கண்ணாடி மணி காட்டும், வானிலை சொல்லும். அதற்குக் கண்ணும் காதும் வைப்பதா என்பதுதான் கேள்வி.

வாயில் பிரஷ்ஷுடன் நிற்பவரின் நெற்றிக்கு மேலே, கண்ணாடிக்குள்ளேயே மணி 6.40 என்று மிதக்கிறது. பக்கத்தில் இன்றைய வெயில். கீழே, மகளின் பரீட்சைத் தேதி. மாயமந்திரம் எதுவும் இல்லை. ஒரு பழைய மானிட்டர், உள்ளங்கைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர், மரச்சட்டம், முன்னால் ஒரு விசேஷக் கண்ணாடி. அவ்வளவுதான். பெங்களூரின் எஸ்.பி. ரோடு, டில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, சென்னையின் ரிச்சி தெரு என எங்கே சுற்றினாலும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் கிடைத்துவிடும். திணறவைப்பது கண்ணாடிதான்.

இந்தப் பித்தைப் பரப்பியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டேவ். நியூயார்க் கடையொன்றில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுத்துகள் ஒளிர்வதைப் பார்த்தவர், 2014-ல் தன் வீட்டுக்கு ஒன்று செய்துகொண்டார். சாப்ட்வேரையும் இலவசமாகவே கொடுத்துவிட்டார். 2012-ல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அவருக்குக் கைகொடுத்தது.

தேவைப்படுவது, விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி மீதியை மட்டும் ஊடுருவ விடும் கண்ணாடி. 70 சதவீதம் திரும்பி 30 சதவீதம் உள்ளே போகும் வகை பரவலாகப் புழங்குகிறது. டூ-வே, ஒன்-வே என்று கடைக்குக் கடை பெயர் மாறும், பொருள் ஒன்றுதான். முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு என்றிருக்கும்வரை அது வெறும் கண்ணாடி. பின்னால் எழுத்து ஒளிர்ந்தால் எழுத்து மட்டும் தெரியும். விவரம் சொல்லாமல் கேட்டால் அலுவலகக் கட்டடங்களின் முகப்பில் பதிக்கும் நீல, பச்சை நிறக் கண்ணாடியைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் முகம் காமாலை பிடித்ததுபோல் இருக்கும், எழுத்தும் மங்கும். சாதாரணக் கண்ணாடியில் பிலிம் ஒட்டுவது மலிவு. ஆனால் குமிழி வராமல் ஒட்டத் தனிப் பொறுமை வேண்டும். அக்ரிலிக் பலகை லேசானது, உடையாது. ஆனால் பெரிய அளவில் வளைந்து, முகத்தைப் பொருட்காட்சிக் கண்ணாடிபோலக் கோணலாக்கும்.

பழுதான லேப்டாப்பின் திரையையும் பயன்படுத்தலாம். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் காட்டி, பொருத்தமான கன்ட்ரோலர் போர்டு வாங்க வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. பழைய, மலிவான திரைகளை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறிவிடும். கறுப்பு என்று திரை காட்டுவதும் முழுக் கறுப்பல்ல. பின்விளக்கின் ஒளி கசிந்து, இருட்டறையில் சாம்பல் நிறச் சதுரமாகத் தெரியும். சட்டத்தின் மேலும் கீழும் காற்றுத் துளை வைக்காவிட்டால் உள்ளே சூடு ஏறும். குளியலறைச் சுவரில் மாட்டினால் ஈரம் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தமிழ் எழுத்துரு ஏற்றாவிட்டால் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஏற்றிவிட்டால், தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று காலண்டர் அட்டை சொல்வது, காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. ஜனவரி நடுவில் டில்லியில் சூரியன் உதிப்பது சுமார் 7.15-க்கு, மறைவது 5.45-க்கு. பகலை எட்டாக வகுத்தால் ராகு காலம் ஏறத்தாழ 8.35-ல் தொடங்கி 9.50-க்கு முடிகிறது. உதய, அஸ்தமன நேரங்களைக் கொடுத்தால் சின்ன புரோகிராம் ஒன்று இதைத் தினமும் கணக்கிட்டுவிடும். நம்பாதவர்கள் ரயில் நேரம் போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை விளையாட்டு. கேமராவும் மைக்கும் சேரும்போதுதான் வில்லங்கம். இந்தக் கண்ணாடியின் பூர்வீகம் அப்படி. 1903-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் வசித்த எமில் பிளாக் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு போலீஸ் விசாரணை அறைச் சுவரில் ஏறியதும் இதே ரகம்தான். துணிக்கடை டிரையல் ரூமில் பெண்கள் பயப்படுவதும் இதற்குத்தான். நகத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால், பின்னால் அறையோ கருவியோ இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெண்களை அந்தரங்கமான நிலையில் மறைந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013-ல் தனிக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு அதைச் சொல்கிறது.

வீட்டுக்காரர் தன் முகத்தை அடையாளம் காணத்தான் கேமரா வைக்கிறார். ஆனால் அதன் முன்னால் பாத்திரம் தேய்க்க வருபவரும் நிற்கிறார், ஊரிலிருந்து வந்த அத்தையும் நின்று புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிறார். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேமரா இல்லாவிட்டாலும், வாசலருகே மாட்டிய கண்ணாடி மனைவியின் டாக்டர் அப்பாயின்ட்மென்டை கூரியர்காரருக்கும் காட்டும். அதனால் காலண்டரில் எதை ஏற்றுவது என்பதை வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிவுசெய்வது நல்லது.

ஆள் வந்தால் மட்டும் திரை எரிய வேண்டுமானால் கேமரா தேவையே இல்லை. பி.ஐ.ஆர். என்ற மலிவான சென்சார் போதும். உடல் வெப்பம் நகர்வதை மட்டுமே அது உணரும்; வந்தது அத்தையா, பால்காரரா என்பது அதற்குத் தெரியாது.