பரஸ்பர விவாகரத்து: கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வக்கீல் போதுமா?

"நான் வக்கீல்கிட்ட பேசிட்டேன். நீ வந்து கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

பிரிந்துவிடலாம் என்று பேசி முடித்த பல வீடுகளில் அடுத்து கேட்கும் வார்த்தை இதுதான். சண்டையே இல்லாதபோது எதற்கு ரெண்டு வக்கீல், ரெண்டு ஃபீஸ் என்ற கணக்கும் நியாயமாகவே தோன்றும்.

சட்டப்படி இரண்டு வக்கீல் கட்டாயமில்லை. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்த தம்பதி, இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் தாக்கல் செய்வது கூட்டு மனு. அதை ஒரே வக்கீல் மூலம் தாக்கல் செய்வது குடும்ப நீதிமன்றங்களில் சாதாரணம். சொல்லப்போனால், 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகவே கேட்க முடியாது. கோர்ட்டின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அது கிடைத்துவிடுகிறது.

சிக்கல், மனுவுக்குள் இருக்கும் நிபந்தனைகளில்தான். ஜீவனாம்சம் மொத்தமாகவா, மாதாமாதமா? குழந்தை யாரிடம்? ஸ்கூல் ஃபீஸ்? இருவர் பெயரிலும் இருக்கும் ஃபிளாட்டின் இ.எம்.ஐ யார் தலையில்? நகை எப்போது கைக்கு வரும்? இதில் ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். இருவருக்காகவும் ஒரே ஆள் பேரம் பேச முடியாது. ஒருவர் தேடிப்பிடித்து, அவரே ஃபீஸும் கொடுத்த வக்கீல் என்றால் கேட்கவே வேண்டாம்!

'எதிர்காலத்தில் எவ்வித ஜீவனாம்சமும் கோரமாட்டேன்' என்ற வரியைக் கவனியுங்கள். அது சத்தமில்லாமல் மனுவில் வந்து உட்கார்ந்திருக்கும். தீர்ப்புக்குப் பிறகு அதை மாற்ற மறுபடி கோர்ட் படி ஏற வேண்டும். ஜெயிப்போம் என்ற உத்தரவாதமும் இல்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சா? மனு தாக்கலாகி 6 மாதம் கழித்துத்தான் இரண்டாவது கட்ட விசாரணை. (இந்தக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.) தீர்ப்பு வரும்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும் என்பது 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஒருவர் சம்மதத்தை விலக்கிக்கொள்ளலாம். பணத்தை வாங்கிக்கொண்டு பின்வாங்கினால் அது தனித் தலைவலி. அப்படி விவகாரம் சண்டையாக மாறினால், இருவருக்கும் மனு எழுதிய அதே வக்கீல் ஒருவருக்காக மற்றவரை எதிர்த்து ஆஜராக பார் கவுன்சில் விதிகள் இடம் தராது.

குழந்தை இல்லை, கூட்டுச் சொத்தோ கடனோ இல்லை, இருவருக்கும் சம்பளம் வருகிறது என்றால் ஒரே வக்கீல் தாராளமாகப் போதும். மற்றவர்கள், கையெழுத்துக்கு முன் மனுவின் நகலை வாங்கி வேறொரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. அவர் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை, படித்துச் சொன்னால் போதும்.

அதற்கும் காசில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். போகும்போது அந்த நகலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.