உப்புக் கடல் நன்னீர் ஏரியான வரலாறு

நெதர்லாந்து தேசத்தின் பழைய வரைபடங்களில், வடக்கே சமுத்திரம் கரையைப் பிளந்துகொண்டு உட்புகுந்து ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் அருகுவரை பரவி நின்ற ஸைடர்ஸே என்ற ஆழமற்ற உட்கடலைக் காணலாம். இன்றைய வரைபடத்தில் அந்தக் கடல் இல்லை. அதில் ஒரு பகுதி வயலும் ஊருமாகிவிட்டது, மிகுதி நன்னீர் ஏரியாகிவிட்டது. ஏரிகளுள் பெரியதான ஐஸல்மேர் மட்டும் ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இந்த மாறுதலின் பெருமை முழுவதையும் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அஃப்ஸ்லைட்டைக் என்ற அணைக்கே கொடுப்பது வழக்கம். ஆனால் உப்பைக் கழுவி வெளியேற்றிய வேலை ஓர் ஆற்றினுடையது என்பதை அறிந்தால்தான் இந்த நிர்மாணத்தின் மர்மம் விளங்கும்.

உட்கடலை மூடிவிடும் யோசனைக்கு நிறைவேறத்தக்க உருவம் கொடுத்தவர் கார்னேலிஸ் லேலி என்ற பொறியாளர். 1891-ல் அவர் வகுத்த திட்டம், செலவுக்கு அஞ்சியவர்களாலும் மீன்பிடித் தொழில் நசித்துப்போகுமே என்று கவலைப்பட்டவர்களாலும் கால் நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது. 1916 ஜனவரியில் புயலால் பொங்கிய ஸைடர்ஸே கரைகளை உடைத்து ஊர்களை மூழ்கடித்ததும், உலக யுத்தத்தால் உணவுக்கு நேர்ந்த தட்டுப்பாடும் ஜனங்களின் மனத்தை மாற்றின. லேலியே மந்திரியாக இருந்த சமயத்தில், 1918-ல், பார்லிமெண்டு சட்டம் இயற்றியது.

கடலின் ஒரு பகுதியை அடைத்துவிட்டால், அதுவரை அதற்குள் போய் அடங்கிக்கொண்டிருந்த ஓதம் எங்கே போகும், வெளியே நிற்கும் வாடன் கடலில் புயல் காலத்து நீர்மட்டம் எவ்வளவு உயரும், அணைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை காண ஒரு குழு அமைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர், 1902-ல் நோபல் பரிசு பெற்ற பௌதிக விஞ்ஞானி ஹெண்ட்ரிக் லோரென்ட்ஸ். ஒளியின் இயல்பையும் மின்சாரத்தின் இயல்பையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற அந்த மேதை, முதுமையில் எட்டு வருஷத்தை இந்தக் கணக்குக்குக் கொடுத்து, வாடன் கடலை நீரோடைகளின் பின்னலாகப் பாவித்து, ஒவ்வொன்றிலும் ஓதம் ஏறி இறங்கும் அளவைக் கணித்து, 1926-ல் அறிக்கை அளித்தார். அணை மூடிய பின் அளந்து பார்த்தபோது, அவர் சொன்னதற்கு வெகு அருகிலேயே ஓதம் நின்றது. விஞ்ஞானம் ஒரு நாட்டின் ஜனங்களுக்குச் செய்த கைங்கரியங்களில் இதற்கு நான் மிக உயர்ந்த இடம் கொடுப்பேன்.

1927-ல் வேலை தொடங்கிற்று. பனியாறுகள் எக்காலத்திலோ விட்டுச் சென்ற, கல்லும் களியும் இறுகக் கலந்த, நீரோட்டத்தில் எளிதில் கரையாத மண் அந்தக் கடலின் அடியிலேயே கிடைத்தது; அதைத் தோண்டி எடுத்து அணைக்கு உடலாக்கினார்கள். ஓட்டம் அடிமணலை அரித்துவிடாதபடி, வில்லோ மரத்தின் மிலாறுகளைக் கட்டுக் கட்டாகப் பிணைத்துப் பெரும் பாய்களாக்கி, அவற்றை மிதக்கவிட்டு இழுத்து வந்து, உரிய இடத்தில் மேலே கற்களைக் கொட்டி அமிழ்த்தினார்கள். திறப்பு குறுகக் குறுக ஓதத்தின் வேகம் பெருகிற்று, கடைசி இடைவெளியில் கொட்டிய மண்ணை நீர் வாரிக்கொண்டு போயிற்று, கொட்டுகிறவர்களும் விடவில்லை. 1932 மே 28 அன்று பிற்பகல் 1 மணி 2 நிமிஷத்துக்கு அணை மூடிற்று. லோரென்ட்ஸ் 1928-லும் லேலி 1929-லும் காலமாகிவிட்டிருந்தார்கள்.

மூடிய அன்று உள்ளே நின்றது உப்பு நீர்தான். ரைன் நதியின் கிளையான ஐஸல் ஆறு இடைவிடாமல் அதில் வந்து விழுந்தது. டென் ஊவரில் 15, கார்ன்வெர்டர்ஸாண்டில் 10 என அணையில் 25 மதகுகள் அமைத்திருந்தார்கள். ஓதம் வற்றி வெளிக்கடல் ஏரியைவிடத் தாழும் நேரத்தில் அவற்றைத் திறப்பார்கள், ஏரி நீர் தானே வடியும். ஓதம் ஏறுமுன் சாத்திவிடுவார்கள். உப்பு ஊறிய பாத்திரத்தில் புதுநீரை ஊற்றி ஊற்றிக் கொட்டுவதுபோல, ஆறு ஊற்றியது, மதகு கொட்டியது. சில வருஷங்களுக்குள் ஏரி நன்னீராயிற்று. பின்னர் வயல்களுக்குப் பாய்ச்சவும், சுத்திகரித்துக் குடிக்கவும் அந்த நீரே உதவிற்று.

அதே சில வருஷங்களில் ஸைடர்ஸேயின் ஹெர்ரிங் மீனும் நெத்திலியும் இல்லாமற் போயின. வோலண்டம், உர்க் முதலிய ஊர்களின் மீனவருக்கு உதவ 1925-லேயே தனிச் சட்டம் செய்திருந்தார்கள்; ஆயினும் பரம்பரைத் தொழிலை இழந்தவனுக்கு உதவித்தொகை எந்த அளவுக்கு ஈடாகும்? சிலர் விலாங்கு பிடித்து ஜீவனம் செய்தார்கள். உர்க் மீனவர் வடகடலுக்குப் போய்த் தங்கள் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

2018 கோடையில் வறட்சியால் ரைன் மெலிந்தபோது, கப்பல் செல்லும் வாயில்கள் வழியே உப்பு ஏரிக்குள் ஏறி, குடிநீர் எடுக்கும் இடத்தையும் எட்டிற்று. எண்பத்தாறு வருஷமாக அணை அசையாமல் நின்றும், ஆறு சுருங்கியதும் கடல் உள்ளே வந்துவிட்டது. நம் தேசத்திலும் காம்பே வளைகுடாவை அடைத்து நர்மதை, மாஹி, சபர்மதி முதலிய நதிகளின் நீரைத் தேக்கும் கல்பசார் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அதன் நீளத்தையும் செலவையும் விசாரிக்கிறவர்கள், மழையற்ற வருஷத்தில் அந்த நதிகள் எவ்வளவு நீர் கொண்டுவரும், வளைகுடாவை நம்பியுள்ள மீனவருக்கு எந்தச் சட்டம் முன்கூட்டிச் செய்யப்படும் என்ற இரண்டையும் முதலில் விசாரிக்க வேண்டும்.