தீபாவளி லேகியமும் குடல் அழற்சியும்

தீபாவளி நெருங்கினால் மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி நாட்டு மருந்துக் கடை முன் கூட்டம் கூடும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சேர்ந்த லேகிய மருந்தை வாங்கிப்போய் அரைத்து, வெல்லத்தில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருள எடுப்பார்கள். நேரமில்லாதவர்களுக்குத் திருவான்மியூர் இம்ப்காப்ஸ் மருந்து விற்பனையகத்தில் தயாராகவே கிடைக்கும். எண்ணெய்க் குளியல் முடிந்ததும், பட்சணத்தில் கை வைக்கும் முன், நெல்லிக்காய் அளவு லேகியம்.

இந்த வரிசைக்கு நல்ல காரணம் இருக்கிறது. பட்சணத்திலுள்ள நெய்யும் எண்ணெயும் இரைப்பையில் அதிக நேரம் தங்கும். அதுதான் நாம் சொல்லும் மந்தம். லேகியத்தில் சேரும் சுக்கு, காய்ந்த இஞ்சிதான். இஞ்சி இரைப்பையை விரைவாகக் காலியாக்குகிறது. 2008-இல் வெளியான தைவான் ஆய்வில் நலமாக இருந்த 24 பேருக்கு 1.2 கிராம் இஞ்சிப் பொடி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து சூப் குடிக்கச் செய்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த அன்று இரைப்பை பாதி காலியாகச் சுமார் 27 நிமிடம் ஆனது. இஞ்சி எடுத்த அன்று 13 நிமிடம்தான். ஆனால் அது சூப், மைசூர்பாகு அல்ல. தவிர, நாள்பட்ட அஜீரணம் உள்ளவர்களிடம் அதே முறையைச் சோதித்தபோது இரைப்பை சீக்கிரம் காலியானதே ஒழிய, அவர்களுடைய உபாதை குறிப்பிடும்படி குறையவில்லை.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயும்போது அதில் ஒரு பகுதி நீர் இழந்து ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் உறைப்பு கூடுவது இதனால்தான். குமட்டலுக்கு இஞ்சி கேட்கும் என்பதற்குத்தான் வலுவான சான்றுகள் உண்டு, குறிப்பாக மசக்கையில்.

அழற்சி வேறு விஷயம். ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் ஜிஞ்சராலும் ஷோகாலும் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குறைக்கின்றன. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள். பெருங்குடல் புண் அழற்சி உள்ள 46 பேரிடம் ஈரானில் 12 வாரம் நடந்த ஆய்வில், தினம் 2 கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்கு நோயின் கடுமை ஓரளவு தணிந்தது. நம்பிக்கை தருகிறது, ஆனால் இதை மட்டும் வைத்து மருந்தை மாற்ற முடியாது. அழற்சியே இல்லாத எரிச்சல் குடல் நோய்க்கு அமெரிக்காவில் 45 பேரிடம் சோதித்தபோது, இஞ்சி வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை.

ஆகவே பண்டிகை மந்தத்துக்கு லேகியம் தாராளமாகச் சாப்பிடலாம். குடல் அழற்சிக்கு மெசலமைன் என்ற மருந்தை எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுச் சுக்குப் பொடிக்கு மாறுவதுதான் எனக்குக் கவலை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வயிற்றுப்போக்கால் இரவில் விழித்தல் இவை இருந்தால் நாட்டு மருந்துக் கடைக்கு முன் குடல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தினசரி இஞ்சி எடுக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வெல்லத்தையும் கணக்கில் வையுங்கள். லேகியத்தில் அது கணிசமாக இருக்கிறது.