படிக்க வந்த பிற தேசத்துப் பிள்ளைகள்: பட்டம் வாங்கிய பிறகு எங்கே போவார்கள்?

பெங்களூரில் ஹெண்ணூர், கொத்தனூர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் புதியவர்கள் அல்ல. காய்கறிக் கடையில் பார்க்கிறோம். பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறோம். புனேயிலும் டெல்லியிலும் வேலை பார்க்கும் தமிழர்களும் இதையே சொல்வார்கள்.

ஆனால், "இவர்கள் யார்? எப்படி இங்கே வந்தார்கள்? படிப்பு முடிந்ததும் என்ன செய்வார்கள்?" என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

"பணக்கார வீட்டுப் பிள்ளைகள்" என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்தப் பணத்தில் படிக்க வருபவர்கள் உண்டு. ஆனால் இந்திய அரசு தரும் உபகாரச் சம்பளத்தை நம்பி வந்தவர்களும் உண்டு. மாதக் கடைசியில் கையைப் பிசையும் கஷ்டம் நமக்கு மட்டும் உரியது அல்ல, அவர்களுக்கும் உண்டு!

யார் கொடுக்கும் பணம்?

சுதந்திரம் வந்து மூன்றாவது ஆண்டிலேயே, 1950-ல், இந்திய கலாசார உறவுகள் கவுன்சில் என்ற அமைப்பை அரசு தொடங்கியது. அதை நிறுவியவர் அன்றைய கல்வி மந்திரி மவுலானா அபுல் கலாம் ஆசாத். பிற நாட்டு மாணவர்களை அழைத்து நம் கல்லூரிகளில் படிக்கவைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

2015 அக்டோபரில் டெல்லியில் இந்திய-ஆப்பிரிக்க உச்சி மாநாடு நடந்தது. அப்போது, ஐந்து ஆண்டுகளில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு 50 ஆயிரம் உபகாரச் சம்பளங்கள் தருவதாக இந்தியா அறிவித்தது.

2021-22ஆம் ஆண்டு மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். 170 நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவர்களில் நூற்றுக்கு 28 பேர் நேபாளிகள்.

நம் நாட்டிலிருந்து படிக்க வெளியே போனவர்களோ, 2024-ல் 13 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கோடு பார்த்தால், இங்கே வருகிறவர்கள் ஒரு கைப்பிடிதான்.

கட்டுப்பாடுகள் பல

இந்த உதவி சும்மா கிடைத்துவிடுவது இல்லை. மாணவர் தன் நாட்டிலிருந்தே விண்ணப்பம் போட வேண்டும். ஐந்து பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 500 வார்த்தையில் ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும்.

டாக்டர் படிப்புக்கு இந்தத் திட்டத்தில் இடம் இல்லை. வந்து சேர்ந்த பிறகு, "இந்தப் பாடம் பிடிக்கவில்லை, வேறு பாடத்துக்கு மாறுகிறேன்" என்று சொல்லவும் முடியாது. பதினெட்டு வயதில், பார்த்திராத ஊரில், பார்த்திராத கல்லூரியைக் காகிதத்தில் தேர்ந்தெடுத்தவர் அதிலேயே நின்று கரையேற வேண்டும்.

கல்லூரியும் முதலில் மிரட்டத்தான் செய்கிறது. பிரெஞ்சு பேசும் நாட்டிலிருந்து வந்தவருக்கு ஆங்கிலமே புதுப் பாஷை. வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் இந்தி, தெருவில் கன்னடம் அல்லது மராத்தி. ஒரே நாளில் மூன்று பாஷைகளுக்கு நடுவே அவர் நடமாடுகிறார். பிழைக்க வந்த புதிதில் நாமும் அப்படித்தானே திண்டாடினோம்!

வரவு-செலவு

பட்டப்படிப்பு மாணவருக்கு மாதம் ரூ.18 ஆயிரம். எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்பவருக்கு ரூ.20 ஆயிரம். ஆராய்ச்சி மாணவருக்கு ரூ.22 ஆயிரம். வெளியே வீடு எடுத்துத் தங்கினால், பெரிய நகரங்களில் வாடகைக்காக ரூ.6,500 வரை தனியாகக் கிடைக்கும். கல்லூரிக் கட்டணம் வேறு கணக்கு.

பெங்களூரில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாவுக்கு இந்தத் தொகையின் பலம், பலவீனம் இரண்டும் உடனே புரியும். ஒண்டி ஆளுக்குச் சிக்கனமாகப் போதும். ஆனால் முதல் மாதமே பணம் கைக்கு வந்துவிடும் என்று இருக்கக் கூடாது. ஆரம்பச் செலவுக்குக் கையில் பணம் கொண்டு வரும்படி கவுன்சிலே மாணவர்களுக்கு அறிவுரை சொல்கிறது.

போதாததற்கு, பகுதி நேர வேலை பார்த்துச் சமாளிக்கவும் வழி இல்லை. மாணவர் விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பது சட்டம்.

ஒரு குமாஸ்தாவின் கதை

உபகாரச் சம்பளம் என்றால் தமிழனுக்கு நினைவு வர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அவரும் ஒரு குமாஸ்தாதான். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன்.

1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி கொடுத்தது. 1914-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே படிக்க ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 பவுனை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டார். உலகம் புகழும் கணித மேதையும், மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மைப் போன்ற ஒரு பிள்ளைதான்!

1919-ல் பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. அப்போது அவர் உடல் நலிந்திருந்தார். ஆனாலும், பெற்றோருக்கு 50 பவுனும் தன் அவசியச் செலவும் போக மிஞ்சுவதை ஏழைப் பையன்கள், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடும்படி எழுதினார். அடுத்த ஆண்டு, 32 வயதில், காலமானார்.

வீடு கிடைக்குமா?

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை வீடு. இதற்கும் சரித்திரத்தில் சான்று இருக்கிறது.

1913-ல் பரோடா மகாராஜா, அம்பேத்கர் என்ற வாலிபருக்கு மாதம் 11½ பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவி கொடுத்து, அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்து பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

1917-ல் அவர் சொன்னபடி பரோடாவுக்கு வந்தார். நியூயார்க்கில் கிடைத்த அறை சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. சாதியைக் காரணம் காட்டி எவரும் இடம் கொடுக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கினார். அங்கிருந்தும் தடியோடு வந்தவர்கள் அவரை விரட்டினார்கள். வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்குத் திரும்பினார்.

மகாராஜாவின் பணம் ஒரு மேதையை உருவாக்கியது. ஊராருக்கோ அவருக்கு ஓர் அறை கொடுக்க மனம் இல்லை. உபகாரச் சம்பளத்தில் பாதியைத்தான் அரசு தர முடியும். மீதிப் பாதி ஊர் மக்கள் கையில் இருக்கிறது.

ஜன்னல் வழியே வந்த சாப்பாடு

புனேயில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. பெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருந்தவர் எஸ்.பி. முஜும்தார். ஆண்கள் விடுதியின் ஜன்னல் வழியாக ஒரு பெண் எதையோ கொடுப்பதை அவர் பார்த்தார். தவறாக எண்ணி விசாரித்தார்.

உள்ளே இருந்தவர் மொரீஷியஸ் நாட்டு மாணவர். மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். அந்தப் பெண் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். வெளிநாட்டு மாணவருக்கு நோய் வந்தால் பார்க்க ஆள் இல்லை என்ற உண்மை பேராசிரியரைச் சுட்டது. அவர்களுக்கென்று 1971-ல் 'சிம்பயாசிஸ்' என்ற மையத்தைத் தொடங்கினார். இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்வதைக் குறிக்கும் தாவரவியல் வார்த்தை அது. இன்று அது ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது.

பட்டத்துக்குப் பிறகு மூன்று பாதைகள்

கடைசி ஆண்டு வந்ததும் எல்லோரையும் வாட்டுவது ஒரே கேள்விதான்: அடுத்து என்ன?

முதல் பாதை, ஊருக்குத் திரும்புவது. இரண்டாவது, இங்கே வாங்கிய பட்டத்தை வைத்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ மேற்படிப்புக்குப் போவது. மூன்றாவது, இந்தியாவிலேயே வேலை தேடுவது.

மூன்றாவது பாதை மிகக் குறுகலானது. வெளிநாட்டவருக்கு இங்கே வேலை விசா வேண்டும் என்றால், பொதுவாக ஆண்டுக்கு ரூ.16.25 லட்சம் சம்பளம் இருக்க வேண்டும். கல்லூரியை விட்டு நேற்று வெளியே வந்தவருக்கு அவ்வளவு சம்பளம் யார் கொடுப்பார்கள்? நேபாளம், பூட்டான் நாட்டினருக்கு விசா தேவை இல்லை. அதனால் அவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பி உயர்ந்தவர்கள் பலர். நேபாளத்தின் பாபுராம் பட்டராய், கொழும்புத் திட்ட உதவியில் சண்டிகரில் கட்டடக்கலை படித்தார். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 2011-ல் பிரதமர் ஆனார். மலாவி நாட்டின் பிங்கு வா முத்தாரிகா, டெல்லியில் வணிகவியலும் பொருளாதாரமும் படித்தவர். 2004 முதல் 2012-ல் மறையும் வரை ஜனாதிபதியாக இருந்தார்.

திரும்ப ஊர் இல்லை என்றால்?

திரும்பிப் போவது எல்லோருக்கும் முடிகிற காரியமா?

ஆப்கானிஸ்தானத்து வாலிபர் ஒருவர் 1976-ல் இந்தியாவுக்குப் படிக்க வந்தார். சிம்லாவில் உள்ள இமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தார். 1979 டிசம்பரில் சோவியத் ராணுவம் அவருடைய நாட்டுக்குள் புகுந்தது. 1983-ல் அவர் பட்டம் வாங்கியபோது, அவர் விட்டுவந்த நாடு பழைய நாடாக இல்லை. அவர்தான் ஹமீத் கர்சாய். பின்னாளில் ஜனாதிபதி ஆனார்.

2021 ஆகஸ்டு 15-ந் தேதி காபூல் தலிபான்கள் கைக்குப் போனது. மறுபடியும் அதே கதை. முன்பு கொடுத்த விசாக்கள் செல்லாது என்று அந்த மாதமே இந்தியா அறிவித்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்குப் போயிருந்த மாணவர்கள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். இங்கே இருந்தவர்கள் திரும்பிப் போக அஞ்சினார்கள். பிறகு இணையம் வழியாகப் படிக்க ஆப்கானியருக்கு உபகாரச் சம்பளங்கள் அறிவிக்கப்பட்டன.

2022 டிசம்பரில் அந்த நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைக்கப்பட்டது. இங்கே பட்டம் வாங்கிய ஓர் ஆப்கான் மாணவிக்கு, "ஊருக்குப் போ" என்பது அறிவுரை ஆகாது, அது தண்டனை.

இப்போது கல்லூரியே கடல் கடந்து போவதும் உண்டு. 2023-ல் சென்னை ஐ.ஐ.டி., ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் ஒரு கிளை தொடங்கியது. தலைமை ஏற்றவர் பிரீத்தி அகாலயம். ஐ.ஐ.டி. ஒன்றின் வளாகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர்.

நாம் செய்ய வேண்டியது

2016 ஜனவரி கடைசியில் பெங்களூரில் ஒரு கார் விபத்து நடந்தது. காரை ஓட்டியவர் சூடான் நாட்டவர். அரை மணி கழித்து அந்த வழியே வந்த, அந்த விபத்தோடு சம்பந்தமே இல்லாத தான்சானியா மாணவி ஒருவரைக் கூட்டம் தாக்கியது. தோல் நிறம் ஒன்றே போதும் என்று நினைத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், காவிரித் தகராறில், தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட பஸ்களும் லாரிகளும் இதே நகரில் எரிந்தன. யாரோ எங்கோ எடுத்த முடிவுக்கு, இங்கே உழைத்துப் பிழைப்பவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பயம் என்ன என்று நமக்குத் தெரியும். தெரிந்தவர்களே மற்றவரை அந்தப் பயத்தில் விடலாமா?

சொந்த வீடு வைத்திருக்கும் தமிழர்கள், வெளிநாட்டு மாணவர் என்றதும் கதவைச் சாத்த வேண்டியது இல்லை. யார் தங்குகிறார் என்ற விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்துவிட்டால் சட்டப்படி கடமை முடிந்தது. உள்ளூர்க்காரரிடம் வாங்கும் அதே வாடகை, அதே முன்பணம் வாங்குங்கள். இரட்டை வாடகை கேட்பது நியாயம் அல்ல.

இலங்கையில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. இலங்கை மாணவர்களுக்கென்றே நேரு நினைவு உபகாரச் சம்பளமும், மேற்படிப்புக்கு மவுலானா ஆசாத் உபகாரச் சம்பளமும் உள்ளன. கொழும்பில் உள்ள இந்திய ஹைகமிஷன் மூலம் விண்ணப்பிக்கலாம். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் எழுதித் தெரிவியுங்கள்.

மூன்று, நான்கு ஆண்டுகள் நம் தெருவில் இருந்துவிட்டுப் போகும் இந்தப் பிள்ளைகள், நாளை தங்கள் ஊரில் ஆசிரியராகலாம், அதிகாரியாகலாம், மந்திரியும் ஆகலாம். "இந்தியாவில் உன்னை எப்படி நடத்தினார்கள்?" என்று அங்கே ஒருவர் கேட்பார். அப்போது அவர்களுக்கு நினைவு வருவது வீட்டுக்காரரும் கடைக்காரரும் பக்கத்து வீட்டாரும்தான்.