விவசாயிக்கும் முகவரி அட்டை

கருங்குழி வழியே செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் காரை நிறுத்தித் தர்பூசணி வாங்கியவர், அடுத்த பருவத்தில் அதே விவசாயியைத் தேடி வர முகவரி அட்டை உதவும். செலவும் அதிகமில்லை.

9 செ.மீ. நீளம், 5.5 செ.மீ. அகலம் என்றால் ஏ4 தாள் ஒன்றில் 10 அட்டைகள் அடங்கும். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். தாளில், ஜெராக்ஸ் கடையில் லேசர் அச்சாக எடுத்து வெட்டிக்கொள்ளலாம். இங்க்ஜெட் மை வேண்டாம். ஈரக்கை பட்டால் கரையும். என் சட்டைப் பையிலேயே வியர்வையில் ஓர் அட்டையின் தொலைபேசி எண் அழிந்துபோயிற்று. வேறு கணினியில் தமிழ் எழுத்து உருமாறக்கூடுமாதலால் பி.டி.எஃப். கோப்பாகவே கொடுக்கவும். முதலில் ஒரே ஒரு தாள் அச்சிட்டு, அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்து பார்த்துவிடுங்கள்.

பெயர், ஊர், எண், விளைபொருள், அறுவடை மாதம் போதும். லேமினேஷன் செய்யாமல் பின்பக்கத்தை வெறுமையாக விட்டால் எடை, தேதி குறித்துத் தரலாம்.

விதை நெல் விற்போர் மட்டும் கவனிக்க வேண்டும். சான்று பெறாத விதைக்குச் ‘சான்று விதை’ என்று அச்சிடக் கூடாது. சான்று விதை மூட்டைக்கு நீல நிற அட்டை தனியே உண்டு. பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் (2001) தம் வயலில் விளைந்த விதையை விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. ஆனால் பதிவு பெற்ற ரகத்தின் பெயரைப் பையில் பொறித்து விற்க அனுமதிப்பதில்லை. ஆகவே ரகப் பெயருள்ள அட்டையை விதை மூட்டையில் தைத்துவிடாதீர்கள், கையில் கொடுங்கள்.